வளராதவையும் வளர்க்கப்படாதவையும்



நுண்ணுயிர்களைப் பற்றிய பொழிவுக்கு மொழியியல் பயின்ற ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்ற ஐயம் அவையில் சிலருக்கு எழுந்திருக்கலாம். மன்றத்தின் கலைச்சொற் குழு, பார்வையிட்டுத் தருமாறு ஒரு பட்டியலை நம்மிடம் அனுப்பியிருந்தது. அதில் 'வளரா நுண்ணுயிர்கள்' என்றொரு தொடர் இருந்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்க முடியாதிருக்கும் பாக்டீரியாக்களையும் ஆர்க்கியாக்களையும் குறிக்க ஆசிரியர் ஒருவர் ஆக்கிய சொல். செறிவானது, நாவுக்கு எளியது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்ற அளவில் இலக்கணமும் வழுவாதது. ஆயினும் பொருளால் அது பிழை என்பது நம் கருத்து. ஏன் பிழை என்று எழுதத் தொடங்கியபோது, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகால நுண்ணுயிரியலின் வரலாற்றைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது என்று தெரிந்தது. குழுவுக்கு எழுதவேண்டிய குறிப்பு இப்படிப் பொழிவாக நீண்டுவிட்டது.

முதலில் இலக்கணம். 'வளர்' என்னும் வினை தமிழில் தன்வினையாகவும் நிற்கும், பிறவினையாகவும் நிற்கும். 'வளர்ந்தது' தன்வினை, 'வளர்த்தது' பிறவினை. பகுதி ஒன்றே, மெல்லினமும் வல்லினமும் மாறுவதே வேறுபாடு. 'குழந்தை வளரவில்லை' என்பதற்கும் 'குழந்தையை வளர்க்கவில்லை' என்பதற்கும் உள்ள தொலைவை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னது குழந்தையின் நிலை. பின்னது பெற்றோர்மேல் தொடுக்கும் வழக்கு. 'வளரா நுண்ணுயிர்' என்னும்போது குறையை நுண்ணுயிரின்மேல் ஏற்றுகிறோம். உண்மையில் குறை எங்கே இருக்கிறது?

இதற்கு விடைகாண 1881ஆம் ஆண்டின் பெர்லினுக்குச் செல்ல வேண்டும். இராபர்ட் காக் நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்கத் திண்மமான ஊடகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். செலட்டின் பயன்பட்டது, ஆனால் உடல் வெப்பநிலையில் அது உருகியது, சில பாக்டீரியாக்கள் அதையே தின்று நீராக்கின. காக்கின் கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸ, தம் சமையலறையில் இனிப்புகளை உறையவைக்கப் பயன்படுத்திய பொருளொன்றைப் பரிந்துரைத்தார். சாவகத்தில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அவர் வீட்டார் அறிந்துகொண்ட பொருள் அது. அகார்-அகார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வண்ண வண்ணமாய் வார்த்து நாம் துண்டு போடுகிறோமே, அதே கடற்பாசிக் களிதான். உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களில் இன்று வழங்கும் 'அகார்' என்னும் சொல் மலாய்ச் சொல். 1887இல் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி அதற்கேற்ற மூடிபோட்ட கண்ணாடித் தட்டை அமைத்தார். தட்டுக்கு அவர் பெயர் நிலைத்தது. 1882இல் காக் வெளியிட்ட கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டபோது ஃபேன்னி ஹெஸ்ஸவின் பெயரைச் சொல்லவில்லை.

அகார்த் தட்டு பெரும்பேறு தந்தது. நோய்க்கிருமிகள் பலவற்றைத் தனியே பிரித்து அறிய முடிந்தது. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்தது. தட்டில் புள்ளியாய்த் தோன்றியது உண்டு, தோன்றாதது இல்லை. மண்ணையோ குளத்து நீரையோ நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினால் ஒரு தொகை; அதே நீரைத் தட்டில் தடவி முளைத்த புள்ளிகளை எண்ணினால் அதில் நூற்றிலொரு பங்குகூடத் தேறாது. 1985இல் ஸ்டேலி, கோனோப்கா என்னும் இருவர் இதனைத் 'தட்டெண்ணிக்கையின் பெருமுரண்' என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினர். முரண் அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். தட்டில் எழாதவை செத்தவை, அல்லது வளரும் ஆற்றல் அற்றவை என்று பலர் அமைதி கண்டிருந்தனர்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒப்பான ஒன்றுண்டு. தெமியார், செமாய் முதலிய பழங்குடி மொழிகள் பேராக்கின் மலைச்சரிவுகளில் நெடுங்காலமாகப் பேசப்படுபவை. எழுத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவற்றை மொழிகளாகவே எண்ணாத காலம் இருந்தது. எழுதப்படாதது வேறு, இல்லாதது வேறு.

தோட்டத்தில் பால்வெட்டுக்குச் சென்ற தலைமுறைக்குத் தட்டில்லாமலே இவ்வுயிர்களின் வளர்ச்சி தெரியும். மங்கில் பால் நெடுநேரம் நின்றால் தானே திரிந்து கட்டியாகும். நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் ஆக்குவது அதற்கு முதன்மையான காரணம். அதனைத் தடுக்கவே பாலில் அம்மோனியா சேர்த்தார்கள். கட்டிப்பால் குவித்த கொட்டகையைக் கடந்து பள்ளிக்கு நடந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். அந்த நாற்றத்தை எழுப்பியவை வளராதவை என்று யார் சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

தட்டில் எழாமைக்குக் காரணம் என்ன? பல காரணங்கள் உண்டு. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, நாம் அளவுக்கு மீறி ஊட்டுகிறோம். 1990இல் சர்காசோக் கடல்நீரிலிருந்து எடுத்த மரபணுக் கூறுகளை ஆராய்ந்தபோது, அதுவரை எந்தத் தட்டிலும் எழாத பாக்டீரியாக் கூட்டமொன்று தெரியவந்தது. கடல்களில் மிகுதியாக வாழும் உயிர்களுள் அதுவும் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2002இல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அதனை வளர்த்துக் காட்டினர். ஊட்டமிக்க களியை விட்டுவிட்டு, நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரையே ஊடகமாக வைத்து, அதில் உணவை அற்பமாகச் சேர்த்துக் காத்திருந்தார்கள். பெருவிருந்தில் மாண்டது கஞ்சியில் பிழைத்தது எனலாம்.

இரண்டு, சட்டியிலேயே நஞ்சு இருக்கிறது. 2014இல் சப்பானிய ஆய்வாளர்கள் சிலர் ஒன்றைக் கண்டறிந்தனர். அகாரையும் பாஸ்பேட் உப்பையும் ஒன்றாகக் கலந்து அழுத்தக் கலத்தில் வேகவைத்தால் ஐதரசன் பெராக்சைடு உண்டாகிறது. புண் கழுவும் மருந்தாக நமக்குத் தெரிந்த அதே பொருள். இரண்டையும் தனித்தனியே வேகவைத்துப் பிறகு கலந்தால் தட்டில் எழும் புள்ளிகள் பெருகுகின்றன. ஒன்றாக வேகவைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது. இந்த ஆய்வை முதன்முதல் படித்தபோது நாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டோம் என்பது மிகையன்று. நூற்றாண்டுக்கு மேலாக உயிரின்மேல் சாற்றிய குற்றத்தில் ஒரு பங்கு சமையற்காரருடையதாக இருந்திருக்கிறது.

மூன்று, நமக்குப் பொறுமை இல்லை, துணையையும் பிரித்துவிடுகிறோம். சப்பானை அடுத்த கடலில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து 2006இல் எடுத்த சேற்றை, மீத்தேன் ஊட்டிய கலமொன்றில் இரண்டாயிரம் நாட்களுக்கு மேல் வைத்திருந்து, பிறகு சிறு குப்பிகளுக்கு மாற்றி மாற்றி, ஹிரோயுகி இமாச்சியும் அவர் குழுவினரும் ஓர் ஆர்க்கியாவை வளர்த்தெடுத்தனர். அது ஒருமுறை இரட்டிக்க 14 முதல் 25 நாள் ஆகிறது; நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். தனியே வைத்தால் அது வாழாது. அது வெளிவிடும் ஐதரசனைத் தின்னும் மற்றொரு நுண்ணுயிர் உடனிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனை 2020இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இதன் சிறப்பு வேறொன்று. ஆஸ்கார்டு எனப்படும் இந்த ஆர்க்கியாக் கூட்டத்தை, நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலடிச் சேற்றிலிருந்து மரபணுத்தொகையாக மட்டுமே 2015இல் கண்டிருந்தனர். மரம், மீன், மனிதர் என உட்கரு கொண்ட உயிரணுக்களால் ஆன உயிர்களுக்கெல்லாம் மிக நெருங்கிய உறவு இக்கூட்டம் என்று அந்த வாசிப்பு சொல்லியிருந்தது. உறவினரை ஏட்டில் முதலிற் கண்டார்கள். நேரில் ஐந்தாண்டு கழித்துத்தான் கண்டார்கள்.

ஏட்டில் காண்பது எப்படி என்பதே இப்பொழிவின் நடுப்பகுதி. மொழியியலாருக்கு இது அயல்நிலம் அன்று.

1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லா உயிரணுக்களிலும் புரதம் கட்டும் ஆலையொன்று உண்டு. அதன் ஓர் உறுப்பான ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, பாக்டீரியா என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பிரிவு பாக்டீரியாவே அன்று, தனிக்குலம் என்று காட்டினர். அதுவே ஆர்க்கியா. அவர்கள் அந்த உறுப்பைத் தேர்ந்ததற்கும், மொழிகளின் உறவைக் காண எண்ணுப்பெயர், உறுப்புப்பெயர், மூவிடப்பெயர் ஆகியவற்றை நாம் தேர்வதற்கும் காரணம் ஒன்றே. அவை எளிதில் கடன்வாங்கப்படுவதில்லை; மெல்லவே மாறுகின்றன; எல்லாரிடமும் இருக்கின்றன. கால்டுவெல் 1856இல் செய்த ஒப்பீட்டின் உள்ளீடு இதுதான். சந்தைச் சொற்களை வைத்து உறவு பார்த்தால் பேராக்கின் தமிழை மலாய்க்குத் தங்கை என்று சொல்லிவிடலாம். 'மங்கு' என்ற சொல்லை நாம் எங்கிருந்து பெற்றோம் என்று அறிவீர்கள். பாக்டீரியாக்களும் மரபணுக்களைத் தம்முள் தாராளமாகக் கடன்வாங்குபவை. ஆகவே சொற்றேர்வில் அவர்களும் நம்மைப் போலவே எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது.

நார்மன் பேஸ் 1980களில் ஓர் அடி மேலே போனார். உயிரை வளர்த்துவிட்டு அதன் ஆர்.என்.ஏ.வைப் படிப்பானேன்? நீரையும் மண்ணையும் அள்ளி, அதிலுள்ள அனைத்தின் மரபுப்பொருளையும் நேரே பிரித்துப் படிக்கலாமே என்றார். இந்த வழியை விரைவாக்கியது ஒரு நொதி. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் 1966இல் எடுத்து வளர்த்த பாக்டீரியா ஒன்றின் நொதி, கொதிநிலையை அடுத்த வெப்பத்திலும் கெடாது. டி.என்.ஏ.வைப் பல்லாயிரம் படிகளாகப் பெருக்கும் முறை அந்த நொதியால்தான் 1988க்குப் பின் எங்கும் பரவியது. வளர்க்கப்பட்ட ஒன்று, வளர்க்கப்படாத கோடிக்குக் கதவு திறந்தது.

இனி நம் பேராக்குக்கு வருவோம். தெற்கே சுங்காயை அடுத்த சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு நீங்கள் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள்; கூடையில் முட்டை அவித்திருப்பீர்கள். அந்த ஓடையை யூ.டி.எம். எனப்படும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் சியா சிங், கோ கியான் மாவ் முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 150 மீட்டர் நீளம், ஆழமில்லை, விரைந்தோடும் நீர், வெப்பம் 50 முதல் 110 பாகை வரை என்பது அவர்கள் பதிவு. காட்டு மரங்களின் இலைகள் ஓயாமல் விழுந்து அதில் வெந்து மக்குகின்றன. ஓடையின் நடுவிலிருந்து எடுத்த ஒரு மாதிரியில் 35க்கு மேற்பட்ட தொகுதிகளைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் இருப்பதை மரபணு வாசிப்பால் கண்டனர். தொகுதி என்பது இங்கே மிகப் பெரிய வகுப்பு. மீனும் தவளையும் பறவையும் நாமும் ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடுகிறோம். முட்டை வேகும் ஓடையில் அப்படி முப்பத்தைந்து. அடையாளம் கண்ட வெப்பநாட்ட உயிர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உயிர்வளி பட்டாலே வாழ முடியாதவை. திறந்த தட்டில் இவை எழவில்லை என்று யார் வியப்பது?

அதே ஊற்றிலிருந்து தட்டில் வளர்த்தெடுத்தவையும் உண்டு. சுங்கை கிளாவின் முதலெழுத்துகளைக் குறியீடாகத் தாங்கிய அனாக்சிபேசில்லஸ் என்னும் பாக்டீரியா ஒன்று, மாச்சத்தை வெட்டும் நொதிக்காக நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒரே நீரில் இருந்தவையே.

கலந்த டி.என்.ஏ.விலிருந்து தனித்தனி உயிரின் மரபணுத்தொகையைக் கட்டுவது எப்படி என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கறையான் அரித்த வீட்டின் பரணில் நூறு சுவடிக் கட்டுகள் கயிறறுந்து கலந்து கிடக்கின்றன என்று வையுங்கள். ஏடு ஒன்றும் முழுதாக இல்லை. எல்லாம் சிறு நறுக்குகள். ஒவ்வொரு நூலுக்கும் பல படிகள் இருந்தமையால், ஒரு நறுக்கின் இறுதியும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்துவரும் இடங்களைக் கொண்டு ஒட்டலாம். அப்படி ஒட்டி நீளமான துண்டுகள் கிடைத்த பின், எத்துண்டு எந்நூலுக்கு உரியது என்று பிரிக்க வேண்டும். அதற்கு இரண்டு தடயங்கள். ஒன்று கையெழுத்துப் பழக்கம்: நான்கு நான்கு எழுத்தாக எடுத்து எண்ணினால், ஒவ்வோர் உயிரும் சில சேர்க்கைகளை மிகுதியாகவும் சிலவற்றை அருகியும் வழங்குவது தெரியும். மற்றொன்று படிகளின் எண்ணிக்கை: ஒரே நூலின் துண்டுகள் ஏறத்தாழ ஒரே அளவில் திரும்பத் திரும்பக் கிடைக்கும். இவ்வாறு பிரித்த கட்டு முழுமையானதா என்று பார்க்கவும் வழியுண்டு. எவ்வுயிரிலும் ஒருமுறை மட்டுமே வரும் மரபணுக்கள் சில தெரியும். அவற்றில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் எவ்வளவு கிடைத்தது என்பது தெரியும். ஏதேனும் இருமுறை வந்தால் வேறு நூலின் ஏடு புகுந்துவிட்டது. 90 விழுக்காட்டுக்கு மேல் முழுமையும் 5 விழுக்காட்டுக்குக் குறைந்த கலப்பும் இருக்க வேண்டும் என்பது, உயர்தரம் என்று ஒரு தொகையைக் கொள்ள 2017இல் வகுத்த வரையறைகளுள் முதன்மையானது. சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு இந்த வேலையை விளக்க இரண்டு நிமிடம் போதும். இடைச்செருகல் குறித்த அச்சமும் அவருக்கு நன்றாகவே புரியும்.

இம்முறையில் முதல் பெரிய வெற்றி 2004இல் வந்தது. கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட சுரங்கமொன்றின் அமில நீரில் படிந்த இளஞ்சிவப்புப் படலத்திலிருந்து, ஜில் பேன்ஃபீல்டின் குழுவினர் ஒரு பாக்டீரியாவுக்கும் ஓர் ஆர்க்கியாவுக்கும் ஏறத்தாழ முழுமையான மரபணுத்தொகைகளைக் கட்டினர். நம் வாதத்துக்கு முதன்மையானது அடுத்த ஆண்டு நடந்ததே. அச்சமூகத்தில் காற்றின் நைட்ரசனை உணவாக்கும் மரபணுக்கள் ஒரே ஒரு பாக்டீரியாவிடம் மட்டும் இருப்பதை ஏட்டில் படித்திருந்தார்கள். அப்படியானால் நைட்ரசன் உப்பே இல்லாத ஊடகத்தில் மற்றவை பட்டினி கிடக்க, இது மட்டும் வளரவேண்டும் அல்லவா? அவ்வாறே செய்தார்கள், வளர்ந்தது. வளர்க்கும் முறையை அந்த உயிரின் ஏடே சொல்லிக்கொடுத்தது. 'வளரா' என்று பெயரிட்டுப் பரணில் வைத்திருந்தால் இந்தத் தேர்வு யாருக்கும் தோன்றியிராது.

வாசிப்புக்கு எல்லையும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. இத்தொகைகளில் உள்ள மரபணுக்களுள் பெரும்பங்கின் பணி இன்னும் தெரியாது. எட்ருஸ்கன் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டி ஒருவர் உரக்கப் படித்துவிடலாம். பொருள் முழுதும் விளங்காது. அதுபோன்ற நிலை. பணி தெரிந்த மரபணுவும் ஆற்றலைத்தான் சொல்லும், செயலைச் சொல்லாது. அகராதியில் வசைச்சொல் இருப்பதால் அம்மொழியார் எந்நேரமும் வைதுகொண்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டலாகாது. இவ்வுயிர் இந்தச் சேற்றில் இன்று என்ன செய்கிறது என்பதை அறிய, உயிரோடு பார்ப்பதற்கு ஈடில்லை. ஆகவேதான் இமாச்சி பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தார்.

அடுத்தது பெயர். மொழியியலார் மூக்கை நுழைக்கத் தக்க இடம்.

ஒரு பாக்டீரியாவுக்கு விதிப்படி இலத்தீன் பெயர் சூட்டவேண்டுமானால், அதன் உயிருள்ள வளர்ப்பை இரு வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களில் வைத்தாக வேண்டும். தமிழ்நாட்டின் உப்பளமொன்றிலிருந்து பிரித்து வளர்த்த பாக்டீரியாவுக்கு 2015இல் 'தமில்நாடுயிபேக்டர் சலைனஸ்' என்று பெயரிட்டார்கள். தமிழ்நாடு இலத்தீனில் ஒரு பேரினமாகிவிட்டது. ழகரம்தான் வழியில் உதிர்ந்துபோயிற்று. வளர்ந்தமையால் அதற்குப் பெயர் கிட்டியது. வளர்க்கப்படாதவற்றுக்கோ, 1990களின் நடுவிலிருந்து 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயரே வழங்கிவருகிறது. 'வேட்பாளர்' என்று பொருள். முப்பது ஆண்டாகப் பதவிக்குக் காத்திருக்கும் வேட்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். கழிவுநீரின் அம்மோனியாவை நீக்க இன்று ஆலைகளில் பயன்படும் பாக்டீரியாக் குடும்பமொன்று அந்த நிலையில்தான் நிற்கிறது. வேலை செய்கிறது, குடியுரிமை இல்லை.

மரபணுத்தொகையையே சான்றாகக்கொண்டு பெயரிட இசைவளிக்கும் தனி விதித்தொகுப்பு 2022இல் வந்தது. பெயரின் பஞ்சத்தைத் தீர்க்க மார்க் பாலன், அரோன் ஓரன் முதலியோர் கணினி நிரல் ஒன்றைக் கொண்டு கிரேக்க, இலத்தீன் வேர்களை முறைப்படி புணர்த்திப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களை முன்கூட்டியே ஆக்கி வைத்தனர். பின்னர் 2022இல் 65,000க்கு மேற்பட்ட பெயரற்ற உயிர்களுக்குப் பொருளற்ற, ஆனால் இலத்தீன்போல ஒலிக்கும் பெயர்களை முன்மொழிந்தனர். இது தேவையான பணி என்றே ஒப்புகிறோம். ஆயினும் மனம் முழுதும் ஒப்பவில்லை. இடுகுறியும் காரணமும் பெயர்க்குண்டு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அறுபத்தையாயிரம் இடுகுறிகளை ஒருசேரப் பார்ப்பது, ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசை எண் இட்டுப் பள்ளியில் சேர்ப்பதுபோல் இருக்கிறது.

நம் ஊரையொட்டியே ஒரு காரணப்பெயர் கதை உண்டு. செமோரை அடுத்த குனோங் கந்தான் சுண்ணாம்புக் குன்றின் குகையில் வாழும் பழங்குலச் சிலந்தியொன்று, 'லிஃபிஸ்டியஸ் கந்தான்' என்று 1997இல் குன்றின் பெயரையே பெற்றது. அதே குன்றில் கண்ட சிறு நத்தையொன்றுக்கு 2014இல் 'சாரோபா லஃபார்கெய்' என்று பெயரிட்டனர். அப்போது குன்றில் கல்வெட்டிய நிறுவனத்தின் பெயர் அது. சிலந்தியும் நத்தையும் கண்ணுக்குத் தெரிந்தமையால் அவற்றின் பேரில் பேச ஆள் கிடைத்தது. சுண்ணாம்புக் குகைச் சுவரின் ஈரத்தில், வேறெங்கும் இல்லாத எத்தனை பாக்டீரியா ஒட்டியிருக்கும் என்று அக்குன்றைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குத் தோன்றும். ஒரு குவளை நீரும் ஒரு கரண்டிப் படிவும் எடுத்து வாசித்துவைக்க இன்றைய முறைக்கு முடியும். குன்று குறைந்துகொண்டே வருகிறது.

முடிவாக, குழு கேட்ட சொற்கள்.

'ஆர்க்கியா' என்பதற்குத் 'தொல்லுயிரி' என்று பட்டியலில் கண்டோம். பழமை என்னும் கிரேக்க வேரைப் பெயர்த்த சொல். வோஸ் அவ்வேரைத் தேர்ந்தபோது இவ்வுயிர்கள் ஆதிப் புவிக்கு ஏற்றவை என்ற எண்ணம் இருந்தது. இவை பாக்டீரியாவினும் மூத்தவை என்பது நிறுவப்பட்டதன்று. அத்தோடு, 'தொல்லுயிர் எச்சம்', 'தொல்லுயிரியல்' என்று கல்லாய்ப் போன எச்சங்களுக்கு நாம் ஏற்கெனவே வழங்குகிறோம். உயிரோடு இருப்பதையும் கல்லானதையும் மாணவர் குழப்பிக்கொள்வர். மலாய்மொழி பாக்டீரியா, ஆர்க்கியா என்று தன் எழுத்துமுறைக்கேற்ப ஏற்றுக்கொண்டு போகிறது. இவ்விரண்டிலும் நாமும் அவ்வாறே செய்யலாம். தனித்தமிழ் அன்பர்கள் நம்மீது வருந்தலாம். பொருள் பிறழும் தமிழ்ச்சொல்லைவிடப் பொருள் பிறழாத கடன்சொல் மேல்.

'மரபணுத்தொகுதி', 'மரபணுத்தொகை' இரண்டும் வழக்கில் உள்ளன. தொகுதி என்பதை வகைப்பாட்டில் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். எட்டுத்தொகையில் உள்ள தொகையை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் வாழும் எல்லா நுண்ணுயிர்களின் தொகையையும் ஒருசேரக் குறிக்கச் 'சூழல் மரபணுத்தொகை' பொருந்தும்.

இனி 'வளரா நுண்ணுயிர்'. ஆங்கிலத்திலும் முன்பு 'வளர்க்க இயலாத' என்று பொருள்படும் சொல்லே வழங்கியது. பின்னர் 'இன்னும் வளர்க்கப்படாத' என்ற பொருளுக்கு அறிவியலார் மாறினர். தமிழில் ஒரு மொழிபெயர்ப்பில் 'பண்படாத பாக்டீரியா' என்றும் கண்டோம். அது பற்றிப் பேச நேரம் செலவிட வேண்டாம். 'வளர்க்கா நுண்ணுயிர்' சுருக்கமானது. ஆனால் அந்நுண்ணுயிர் வேறெதையோ வளர்ப்பதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். 'வளர்க்கப்படாத நுண்ணுயிர்' நீளம். செயப்பாட்டுவினை தமிழின் இயல்பன்று என்பாரும் உளர். எனினும் இங்கே செயப்பாட்டுவினை தன் வேலையைச் செய்கிறது. வளர்க்கவேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவர் இன்னும் வளர்க்கவில்லை என்று அது சொல்கிறது.

இச்சிறு வேறுபாட்டுக்கு இவ்வளவு நேரமா என்றால், இந்நாட்டில் அறிவியலைத் தமிழில் கற்கும் வாய்ப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. 2003 முதல் சில ஆண்டுகள் அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிருந்தது. 2009இல் அரசு முடிவை மாற்றிய பின்னரே படிப்படியாகத் திரும்பியது. நம் பிள்ளை ஒரு பொருளைத் தமிழில் முதலும் கடைசியுமாகக் கேட்பது அந்த ஆறு ஆண்டுக்குள்தான். அப்போது காதில் விழுந்த சொல்லோடுதான் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. 'வளராது' என்று கேட்டுப் போன பிள்ளை ஏன் வளரவில்லை என்று கேட்காது. 'வளர்க்கப்படவில்லை' என்று கேட்டுப் போன பிள்ளைகளில் ஒருவராவது கேட்கும்.

'வளர்க்கப்படாத' என்பதையும், சற்றுச் சுருங்கிய 'வளர்ப்புறாத' என்பதையும் பட்டியலில் அருகருகே வைத்திருக்கிறோம். இரண்டாவது நம் ஆக்கம். வகுப்பறையில் நிற்குமா என்று தெரியாது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஆசிரியர்கள் இரண்டையும் பாடத்தில் வழங்கிப் பார்த்து, மாணவர் எதை இயல்பாகத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று கலைச்சொற் குழுவுக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். படிவம் வாயிலில் உள்ள மேசையில் இருக்கிறது.